கட்டாயம் யாருக்கு, வாத்தியாரே?

வாத்தியாரே, நேத்து பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல நீங்க படிச்ச தீர்மானம் காதுக்கு ரொம்பக் குளிர்ச்சியா இருந்தது. “சீருடை அணியாமல் வரும் மாணவ மாணவியரைப் பள்ளி வாசலிலேயே நிறுத்தி வைப்பது.” ஆகா, இன்னா தமிழு! குழுவுல இருந்த பொம்பளைங்க தலையாட்டினதைப் பார்த்து எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு நினைச்சுட்டீங்க. அவங்க கொசு ஓட்டினாங்க.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். வாசல்ல நிறுத்தணும்னா வாசல் வேணுமே? நம்ம பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கால சுவர் இருக்குது, மேற்கால இல்ல. ஆடு வர்ற வழியாத்தான் பிள்ளைங்களும் வருது. அவசரத்துல நீங்களும் பைக்கை அந்த வழியாத்தான் ஏத்துறீங்க. அதனால முதல்ல ஆபீசுக்கு ஒரு கேட்டு கேட்டு எழுதிப் போடுங்க. கேட்டு மலையேறி வர்றதுக்கு நாலஞ்சு வருசம் ஆகும். அதுவரைக்கும் பிள்ளைங்க உள்ள வந்து படிச்சுட்டுப் போகட்டும்.

நான் குழுவுல உறுப்பினர் இல்ல. பேத்தி ஆறாவது படிக்குது, அந்த உரிமையில திண்ணையில உட்கார்ந்து கேட்டேன். கேட்டுட்டு சும்மா போகலாம்னுதான் பார்த்தேன். வயசான வாய், சும்மா இருக்கமாட்டேங்குது.

சீருடை எதுக்குன்னு மூணு காரணம் சொன்னீங்க. சமத்துவம், ஒழுக்கம், பாதுகாப்பு. பாதுகாப்பை விட்டுடுங்க. நம்ம ஊருக்குள்ள ஒரு வெளியூர்க்காரன் கால் வெச்சா, நீங்க பார்க்கிறதுக்கு முன்னாடி நாய் பார்த்துடும். சமத்துவத்துக்கு வருவோம். இங்க இருக்கிறது நாப்பது வீடு. நாப்பதும் மலைவாழ் மலையாளி வீடுதான். (வந்த முதல் வாரத்துல எங்களைக் கேரளாக்காரங்கன்னு நினைச்சு என்கிட்ட ‘சுகமாணோ’ன்னு கேட்டீங்களே, அதை நான் யார்கிட்டயும் சொல்லல. என் வீட்டுக்காரிகிட்ட மட்டும்தான் சொன்னேன். அதுக்கு அப்புறம் ஊருக்கே தெரிஞ்சு போச்சு.) நாப்பது வீட்டுலயும் அதே சாமை, அதே கேவுரு, அதே புளி, அதே கடன். இதுல எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையோட சட்டையைப் பார்த்து ஏங்கும்? எங்களுக்குள்ள ஏத்தத்தாழ்வு இருந்தா அது மாட்டுக் கொட்டாயில தெரியும், சட்டையில தெரியாது.

ஆனா போளூர் பஸ்ல ஏறி இறங்கினா கதையே வேற. அங்க எங்க பிள்ளையோட தலைமுடியில இருந்து கால் வரைக்கும் மலைன்னு எழுதியிருக்கும். அங்க போடுற சீருடைக்கு ஒரு பலன் உண்டு, அதை நான் மறுக்கல. கடை வாசல்ல நின்னா “யாருடா நீ”ன்னு கேட்கிறவன், சீருடையில நின்னா “எந்த ஸ்கூல்டா”ன்னு கேட்பான். அந்த ரெண்டு கேள்விக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு கீழ பொறந்த உங்களுக்குத் தெரிய நியாயமில்ல.

வேடிக்கை இன்னான்னா, நம்ம மலையில ஜமுனாமரத்தூர்ல கோடை விழா நடக்கும் பாருங்க, அப்ப இதே பிள்ளைங்களை மேடையில ஆடச் சொல்லி, “உங்க பாரம்பரிய உடையில வாங்க”ம்பாங்க. எங்க பாரம்பரிய உடை நான் சின்ன வயசுல கட்டின கோவணம். அதைக் கட்டிக்கிட்டு மேடையேறினா பெரிய மனுசங்க எல்லாம் எழுந்து ஓடிடுவாங்க. அதனால எங்கேயோ வாடகைக்கு இலையும் மணியும் வாங்கிக் கட்டிவிடுறாங்க. படிக்கப் போனா எல்லாரையும் போல இருக்கணும், விழாவுக்குப் போனா யாரைப் போலவும் இருக்கக்கூடாது. நல்ல சட்டம்.

கோவணம்னதும் ஞாபகம் வருது. நான் பள்ளிக்கூடம் போனது காமராசர் முதலமைச்சரா இருந்த காலம். நெ.து. சுந்தரவடிவேலுன்னு ஒருத்தர் கல்வி இயக்குநரா இருந்தாரு. அவரு ஊரு ஊரா பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு நடத்தி, ஊர்க்காரங்க கையாலயே பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு, கரும்பலகை, பிள்ளைங்களுக்குச் சீருடை எல்லாம் கொடுக்க வெச்சாரு. வசதி இருக்கிறவன் வாங்கிக் கொடுக்கிறது, வசதி இல்லாத பிள்ளை போட்டுக்கிறது. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்குது தம்பி. முதல்ல சோறு போட்டாங்க, அப்புறம் துணி கொடுத்தாங்க, எல்லாம் கொடுத்த பிறகுதான் ஏன்டா வரலைன்னு கேட்டாங்க. அந்த மாநாட்டுத் துணி எங்க மலை வரைக்கும் ஏறல. எங்க அப்பன் பழைய வேட்டியைக் கிழிச்சு எனக்கு ஒரு துண்டு கட்டிவிட்டாரு. அதோடதான் ஒண்ணாவது, ரெண்டாவது, பாதி மூணாவது. என்னை யாரும் வாசல்ல நிறுத்தல. நிறுத்தியிருந்தா இன்னும் சந்தோசமா ஆடு மேய்க்கப் போயிருப்பேன்.

அப்புறம் 1985-ல எம்.ஜி.ஆர். சத்துணவு சாப்பிடுற பிள்ளைங்களுக்கு இலவசச் சீருடைன்னு கொண்டாந்தாரு. 2012-க்கு அப்புறம் ஜெயலலிதா அம்மா அதை வருசத்துக்கு நாலு செட்டு ஆக்கினாங்க. பெரிய பசங்களுக்கு டவுசர் போய் முழுப் பேண்ட்டு வந்தது, பொண்ணுங்களுக்குச் சல்வார் வந்தது. அந்த முழுப் பேண்ட்டை நான் கையெடுத்துக் கும்பிடுறேன். முள்ளுக்குள்ள நடக்கிற கால் அது. டெல்லிக் கணக்குல பிள்ளைக்கு ரெண்டு செட்டு, அதுக்கு 600 ரூபாயாம். நம்ம மாநிலத்துல நாலு. நீங்க போன மாசம் எடுத்த சட்டை ஒண்ணு எவ்வளவுன்னு நான் கேட்கமாட்டேன்.

நாலு செட்டு இருக்குதே, அப்புறமும் ஏன் பிள்ளைங்க கலர் சட்டையில வருதுன்னு கோவப்பட்டீங்க இல்ல? அந்த ரகசியத்தைச் சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. நீங்க திமிருன்னு நினைக்கிறது அதுல எதுவும் இல்ல. ஒரு வீட்டுக்குப் போய் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்க. மேல ஒரு ரேசன் கார்டு, அதுக்குக் கீழ ஒரு மஞ்சப்பை, மஞ்சப்பைக்குள்ள மடிச்சது மடிச்சபடி புதுச் சீருடை. அட்டை கூடப் பிரிச்சிருக்க மாட்டாங்க. காலருக்குள்ள குண்டூசி அப்படியே இருக்கும். ஏன் தெரியுமா? அந்த வீட்டுலயே நல்ல துணி அது ஒண்ணுதான். மாரியம்மன் திருவிழாவுக்கு, மாமன் கல்யாணத்துக்கு, திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்குன்னு எடுத்து வெச்சிருக்கா அந்தப் பிள்ளையோட ஆத்தா. பள்ளிக்கூடத்துக்கு எதுக்குடி புதுசு, கிழிச்சுக்கிட்டு வருவேன்னு பழைய பாவாடையைக் கட்டி அனுப்புறா. போன வருசம் என் தங்கச்சி பேரன் கல்யாணத்துல நீங்க வந்து மொய் எழுதினீங்களே, பந்தியில வரிசையா பச்சைச் சட்டையில உட்கார்ந்திருந்த பிள்ளைங்களைப் பார்த்து, “அட, நம்ம ஸ்கூல் பசங்க கேட்டரிங் வேலைக்கு வந்திருக்காங்களே”ன்னு கேட்டீங்க. அவங்க மாப்பிள்ளை வீடு.

நீங்க கட்டாயம்னு உத்தரவு போட்டா அந்த ஆத்தா இன்னா செய்வா? புதுத் துணியைப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டு அனுப்பிட்டு, கல்யாணத்துக்குக் கடன் வாங்கித் துணி எடுப்பா. இந்தக் கணக்கு உங்க தீர்மானத்துல வரல.

இன்னொரு கணக்கும் இருக்குது. அண்ணன் சட்டை தம்பிக்கு, அக்கா பாவாடை தங்கச்சிக்கு. காக்கி டவுசரும் வெள்ளைச் சட்டையும் இருந்த காலத்துல ஒரு டவுசரை மூணு பசங்க போட்டுக் கழிச்சிருக்காங்க எங்க வீட்டுல. மூணாவதுகாரனுக்கு வர்றப்ப பின்னாடி ரெண்டு சன்னல் திறந்திருக்கும், அது வேற விசயம். அப்புறம் மெரூன் வந்தது. 2018-ல ஒன்பதாவதுல இருந்து மேல படிக்கிறவங்களுக்கு நிறத்தை மாத்தினாங்க, அடுத்த வருசம் சின்னப் பிள்ளைங்களுக்கு. ஒவ்வொரு தடவை நிறம் மாறுறப்பவும் பெட்டியில இருக்கிற நல்ல துணி எல்லாம் ஒரே நாள்ல செல்லாக்காசு. ஐநூறு ரூபா நோட்டு செல்லாதுன்னப்பவாவது பேங்குல மாத்திக் கொடுத்தாங்க. மெரூன் பேண்ட்டை எந்தப் பேங்குல மாத்துறது?

அளவு சமாசாரத்துக்கு வருவோம். துணியைக் கூட்டுறவு நெசவாளர்கள் நெய்யுறாங்க, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பொம்பளைங்க தைக்கிறாங்க. அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. எங்கேயோ ஒரு தறிக்காரனுக்கும் ஒரு தையல்காரிக்கும் இதனால அடுப்பு எரியுது. இந்தச் சீருடையால யாருக்கு உறுதியா லாபம்னு கேட்டா நான் அவங்களைத்தான் முதல்ல சொல்வேன். ஆனா அந்த அம்மாங்க பாவம், பிள்ளையைப் பார்த்துத் தைக்கிறாங்களா, காகிதத்தைப் பார்த்துத் தைக்கிறாங்களா? என் பேத்திக்கு வந்த சுடிதார் கைக்குள்ள அவ தங்கச்சியும் சேர்ந்து நுழையலாம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்த பேண்ட்டை அவன் அரைஞாண் கயித்துல சொருகி, மேல ரெண்டு ஊக்கு குத்தி, அதுக்கும் மேல சட்டையை இழுத்துவிட்டுக்கிட்டு வர்றான். பிரேயர்ல “அட்டேன்ஷன்”னு நீங்க கத்துறப்ப அவன் ஏன் கையை விறைப்பா தொடையில ஒட்ட வைக்கிறதில்லைன்னு திட்டுறீங்க. கையை எடுத்தா பேண்ட்டு கீழ வந்துடும் சார். தேசியகீதம் முடியுற வரைக்கும் அவன் தாங்கிப் பிடிக்கிறான் பாருங்க, அதை நான் தேசபக்தின்னு சொல்வேன்.

சரி, ஒழுக்கம். அரசாங்க ஆளுங்க உடுப்புக்கும் ஒரு ஆணை உண்டு, தெரியுமா? 2019-ல கோட்டையில வேலை பார்க்கிறவங்க இன்னா போடணும்னு அங்க இருந்தே காகிதம் வந்தது. ஆம்பளைங்கன்னா பேண்ட்டு சட்டை இல்லாட்டி வேட்டி. சனிக்கிழமை வேலை நாள்ல நீங்க போட்டு வர்ற டீ-ஷர்ட்டு, நெஞ்சுல மண்டை ஓடு போட்டது, அதுல எந்தப் பிரிவுல வருது? பிள்ளைங்க அதைப் பார்த்து ரசிக்குது. நானும் ரசிக்கிறேன். உங்களை யாராவது வாசல்ல நிறுத்தினாங்களா?

என் பேரன் திருப்பத்தூர்ல காலேஜு படிக்கிறான். லீவுல வந்தா டவர் கிடைக்கிற பாறை மேல உட்கார்ந்து செல்லுல உலகத்தையே படிச்சுச் சொல்வான். நீங்க தீர்மானம் போடப்போறீங்கன்னதும் நான் அவனைப் பிடிச்சு, “ஏன்டா, இந்தச் சீருடைச் சண்டை வேற எங்கேயாவது உண்டா”ன்னு கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டு ராத்திரி தூக்கம் போச்சு.

இங்கிலீசுக்காரன் ஊர்ல லண்டன்ல 1552-ல ஏழை அனாதைப் பிள்ளைங்களுக்குன்னு ஒரு பள்ளிக்கூடம் வெச்சாங்களாம், கிறைஸ்ட்ஸ் ஆஸ்பிட்டல்னு பேரு. நீளமா ஒரு நீலக் கோட்டு, மஞ்சக் காலுறை. இது தர்மத்துல படிக்கிற பிள்ளைன்னு ஊரே பார்த்த உடனே தெரிஞ்சுக்கிற உடுப்பு அது. இன்னிக்கும் அதே கோட்டைத்தான் போடுறாங்களாம், ஆனா இப்ப அது பெருமை. ஏழைக்குன்னு தச்ச சட்டையை அப்புறம் பணக்காரனே காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கிட்டான். நீங்க வேணும்னா போளூர்ல இங்கிலீசு பள்ளிக்கூடத்து வேன் நிக்கிற இடத்துல போய்ப் பாருங்க. சித்திரை வெயில்ல கழுத்துல டை, இடுப்புல பெல்ட்டு, கால்ல பூட்சு, புதன்கிழமைக்கு ஒரு வெள்ளை, விளையாட்டுக்கு ஒரு மஞ்சள். எல்லாம் இந்தக் கடையிலதான் வாங்கணும்னு சீட்டு வேற. சமத்துவத்துக்குத்தான் சீருடைன்னா, எங்க பிள்ளையும் அந்தப் பிள்ளையும் ஒரே சட்டை போடட்டுமே? அதைக் கேட்டா உங்க வாத்தியார் சங்கத்துக்காரங்களே என்னை வாசல்ல நிறுத்துவாங்க.

அமெரிக்காவுல கலிபோர்னியா பக்கம் லாங் பீச்சுன்னு ஒரு ஊரு. 1994-ல அங்க அரசுப் பள்ளிக்கூடங்கள்ல சீருடையைக் கட்டாயமாக்கினாங்களாம். ரெண்டு வருசத்துல அந்த நாட்டு அதிபர் கிளிண்டனே எழுந்து நின்னு, பிள்ளைங்க அடிச்சுக்காம இருக்க சீருடை போடுங்கன்னு சொன்னாராம். 1998-ல ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க ஆயிரக்கணக்கான பிள்ளைங்க கணக்கை எடுத்து வெச்சுப் பார்த்து, சீருடையால வருகை கூடின மாதிரியும் தெரியல, மார்க்கு கூடின மாதிரியும் தெரியலன்னு எழுதிட்டாங்க. ஆப்பிரிக்காவுல கென்யாவுல வேற விதமா பார்த்திருக்காங்க. அங்க சீருடை இல்லாம பள்ளிக்கூடம் போறது சங்கடம், வாங்கவும் காசில்ல. அந்த ஏழைப் பிள்ளைங்களுக்குச் சும்மா கொடுத்துப் பார்த்தா, மட்டம் போடுறது கணிசமா குறைஞ்சுதாம். வருசக்கணக்கு கழிச்சு மறுபடி போய்ப் பார்த்தப்ப அந்தப் பலன் நிலைக்கலையாம், அதையும் அவங்களே ஒளிக்காம எழுதியிருக்காங்க. எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். போடு போடுன்னு மிரட்டினதுல பெருசா ஒண்ணும் நடக்கல, இந்தா வெச்சுக்கோன்னு கொடுத்ததுல கொஞ்ச நாளைக்காவது பிள்ளை வந்திருக்குது.

பக்கத்துக் கர்நாடகா கதையை நீங்களே பேப்பர்ல படிச்சிருப்பீங்க. 2021 கடைசியில உடுப்பியில தலையில துணி போட்டு வந்த பொண்ணுங்களை வகுப்புக்குள்ள விடல. அப்புறம் ஊரெல்லாம் காவித்துண்டு, கலாட்டா, லீவு. 2022 மார்ச்சுல அங்கத்த ஐகோர்ட்டு, அரசாங்கம் சொன்னது சரின்னு சொல்லிச்சு. அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டுல ரெண்டு நீதிபதிங்க, ரெண்டு தீர்ப்பு. ஒருத்தர் சீருடைன்னா சீருடைதான்னு சொன்னாரு. இன்னொருத்தர், துலியான்னு பேரு, அந்தப் பொண்ணோட படிப்புதான் எனக்கு முதல்ல தெரியுதுங்கிற பக்கம் நின்னாரு. வழக்கைப் பெரிய பெஞ்சுக்கு அனுப்பிட்டாங்க. பெரிய பெஞ்சுல உட்கார்றவங்களுக்கு வயசு ஆகாது, கீழ பெஞ்சுல உட்கார வேண்டிய பொண்ணுங்களுக்கு வயசு ஆகிடுச்சு. அதே 2021 டிசம்பர்ல கேரளாவுல பாலுசேரியில ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துல பொண்ணுங்களுக்கும் பேண்ட்டு சட்டைன்னு கொண்டாந்தாங்க. பொண்ணுங்க நல்லா இருக்குதுன்னு போட்டுக்கிட்டாங்க, அதுக்கும் வெளிய இருந்து எதிர்ப்பு. ஒரு ஊர்ல துணி கூடிப்போச்சுன்னு சண்டை, இன்னொரு ஊர்ல பேண்ட்டு போட்டான்னு சண்டை. ஆம்பளைப் பையன் டவுசர் நீளத்துக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போனானான்னு பேரன்கிட்ட கேட்டேன். டவர் போயிடுச்சுன்னு சொல்லிட்டான்.

நம்ம தமிழ்நாட்டுக் கதையில எனக்குச் சிரிப்பு வரல. தெற்க நாங்குநேரியில 2023 ஆகஸ்டுல பன்னிரண்டாவது படிக்கிற ஒரு பையனை, கூடப் படிக்கிற பசங்களே சாதி வெறியில வீடு புகுந்து வெட்டினாங்க. தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. வெட்டினவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே சீருடைதான். அப்புறம் அரசாங்கம் நீதிபதி சந்துருவை விசாரிக்கச் சொல்லிச்சு. 2024 ஜூன்ல அவரு அறிக்கை கொடுத்தாரு. மணிக்கட்டுல சாதிக்கு ஒரு நிறத்துல கட்டுற கயிறு, மோதிரம், நெத்திப் பொட்டு எல்லாத்தையும் பள்ளிக்கூடத்துல தடை பண்ணணும்னு அதுல எழுதியிருக்காரு. 2019-லயே கயித்தைக் கவனிங்கன்னு பள்ளிக்கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை விட்டாரு, சத்தம் கிளம்பினதும் அது அமுங்கிப் போச்சு. சட்டையை ஒண்ணாக்கினீங்க, சாதி கை நீளத்துக்கு வெளிய வந்து உட்கார்ந்துக்கிச்சு. சீருடை மணிக்கட்டு வரைக்கும்தான் வேலை செய்யும் வாத்தியாரே. அதுக்கு மேல வேலை செய்ய வாத்தியார் வேணும்.

இப்ப சட்டம். எனக்குச் சட்டம் தெரியாது, பேத்தி பாடப் புத்தகத்துல இருந்து பேரன் செல்லு வரைக்கும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். கல்வி உரிமைச் சட்டம்னு 2009-ல போட்டிருக்காங்களே, அதுல காசு செலவு காரணமா எந்தப் பிள்ளை படிப்பும் எட்டாவது முடியறதுக்குள்ள நிக்கக்கூடாதுன்னு இருக்குதாம். பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனசு நோகடிக்கவும் கூடாதுன்னு பதினேழாவது பிரிவாம். வாசல்ல ஒரு பிள்ளையை நிறுத்தி, போற வர்ற ஆடெல்லாம் பார்க்கும்படி வெச்சா அது மனசு நோகடிக்கிறதுல சேருமா சேராதா? உங்க மேல கேஸு போடணும்னு நான் சொல்லல. நீங்க நல்லவரு. தீர்மானத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பேனாவை ஒரு தடவை உதறிப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

எட்டாவது வரைக்கும்தான் அந்த இலவசச் சீருடை, கவனிச்சீங்களா? ஒன்பதாவதுல பையனுக்கு மீசை அரும்புது, சீருடை நின்னு போகுது. அங்கதான் எங்க பசங்க கால் வழுக்குற இடமே. சாமை அறுத்து முடிச்சதும் அப்பன் ஆத்தா கர்நாடகா காப்பித் தோட்டத்துக்கோ கேரளா மிளகுக்கோ போவாங்க. பையனும் கூடப் போவான். எஸ்டேட்டு மேஸ்திரி சீருடை எங்கேன்னு கேட்கமாட்டான். திருப்பூர் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறவன் கேட்கமாட்டான். ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டக் கூப்பிடுறவனும் கேட்கமாட்டான், முன்பணத்தைக் கையில வெச்சுத் தோள்மேல கை போட்டுக் கூட்டிக்கிட்டுப் போவான். 2015 ஏப்ரல்ல சேஷாசலம் காட்டுல இருபது பேரைச் சுட்டுக் கொன்னாங்களே, அதுல எங்க மலை ஆளுங்களும் உண்டு. எங்க பசங்களை எல்லாரும் வா வான்னு கூப்பிடுறாங்க. வாசல்ல நில்லுன்னு சொல்லப் போறது நீங்க மட்டும்தான்.

கோவிச்சுக்காதீங்க. சீருடையே வேணாம்னு சொல்ற ஆளு நான் இல்ல. எங்க மலையில புலியூர் ஸ்ரீபதி இருக்குதே, பிள்ளை பெத்த ரெண்டாவது நாள் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதி, 2024-ல சிவில் நீதிபதியா தேர்வாச்சே, அது போடுற கறுப்புக் கோட்டும் சீருடைதான். அந்தச் சீருடை வரைக்கும் எங்க பிள்ளைங்க போகணும்னுதான் இந்தப் பச்சைச் சட்டையைப் பத்தி இவ்வளவு பேசுறேன்.

கட்டாயம்னு எழுதத்தான் ஆசைன்னா தாராளமா எழுதுங்க. யாருக்குக் கட்டாயம்னு மட்டும் மாத்திப் போடுங்க. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்னிக்குத் துணி கையில இருக்கணும், அது கொடுக்கிறவங்களுக்குக் கட்டாயம். பிள்ளை அளவுக்கு இருக்கணும், அது தைக்கிறவங்களுக்குக் கட்டாயம். மலைப் பிள்ளைங்களுக்கு ஸ்வெட்டரு, மழைக்கோட்டு, பூட்சு, சாக்சு எல்லாம் தர்றதுக்கு அரசாங்கத்துல திட்டமே இருக்குது. அது மார்கழிக் குளிருக்கு முன்னாடி வரணும், பங்குனி வெயில்ல வந்து இறங்கக்கூடாது. நம்ம மலையில காவலூர்ல பெரிய தொலைநோக்கி வெச்சு ராத்திரியெல்லாம் நட்சத்திரம் பார்க்கிறாங்களே, 1986-ல ராஜீவ் காந்தி வந்து திறந்தாரே, அங்க ராத்திரி வேலை பார்க்கிற படிச்சவங்களே குல்லாவும் ஸ்வெட்டரும் இல்லாம வெளிய வர்றதில்ல. நம்ம ரெண்டாம் வகுப்புப் பிள்ளை அரைக்கைச் சட்டையில ஒழுக்கமா நிக்கணுமாம்.

உங்களுக்கும் கொஞ்சம் வேலை வெச்சிருக்கேன். ஆபீசு ரூம்ல உடைஞ்ச பீரோ ஒண்ணு இருக்குது பாருங்க, போன ஆண்டுவிழா கப்பு ரெண்டும் எலிப்புழுக்கையும் வெச்சிருக்கீங்களே, அதைக் காலி பண்ணுங்க. எட்டாவது முடிச்சுப் போற பிள்ளைங்க, அளவு பத்தாமப் போன பிள்ளைங்க, எல்லார்கிட்டயும் பழைய சீருடையைத் துவைச்சு வாங்கி அதுல போடுங்க. சட்டை இல்லாம வர்ற பிள்ளைக்கு யாரும் பார்க்காதப்ப ஒண்ணை எடுத்துக் கொடுங்க. யாரும் பார்க்காதப்பன்னு சொன்னதை அடிக்கோடு போட்டுக்குங்க. போட்டோ எடுத்து வாட்சப்புல போட்டா அது வாசல்ல நிறுத்துறதை விட மோசம். பக்கத்துலயே ஊசியும் நூலும் நாலு பொத்தானும் வைங்க. நீங்க தைக்கக் கத்துக்கிட்டா நல்லது. கல்யாணம் ஆகாத ஆளு, பின்னாடி உதவும்.

முக்கியமா அளவு எடுக்கிற சமாசாரம். அந்தத் தையல் சங்கத்து அம்மாங்களை மலைக்கு வரச் சொல்லி எழுதுங்க, ஆனா எப்பன்னு தெரிஞ்சு எழுதுங்க. தையில வந்தா பாதிப் பிள்ளைங்க காப்பித் தோட்டத்துல இருக்கும், நீங்க போன வருசத்து அளவையே எழுதிக் கொடுத்து அனுப்பிடுவீங்க, மறுபடி அரைஞாண் கயிறுதான். மாசி கடைசியில, புளி உலுக்குறப்ப வரச் சொல்லுங்க. அப்ப ஊரே திரும்பி வந்திருக்கும், பிள்ளைங்க எல்லாம் மரத்தடியில புளி பொறுக்கிக்கிட்டு ஒரே இடத்துல அகப்படும். வர்ற அம்மாங்களுக்கு மதியத்துக்குச் சாமைச் சோறும் கோழிக் குழம்பும் என் பொறுப்பு. கோழி மட்டும் நீங்க வாங்கிக் கொடுத்துடுங்க, சம்பளக்காரரு.